கோரல்டிராவில் பூக்கரை: செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

கம்ப்யூட்டர் டிசைன், டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைத்தல்) செய்முறைத் தேர்வுகளில் “ஏ4 தாளைச் சுற்றிப் பூக்கொடிக் கரை வரைக” என்று கேட்டால், கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளைத் திறந்து பலரும் உடனே பூவை வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். பூ அழகாகவே வரும். கரை மூலையில் போய் இடிக்கும். முதல் பத்து நிமிடம் மவுஸைத் தொடாமல் தாளில் கணக்குப் போடுங்கள்.

ஏ4 என்பது 210 × 297 மி.மீ. கரையின் வெளி அளவை 180 × 270 என்று வைத்துக்கொண்டால் பக்கவாட்டில் 15, மேலும் கீழும் 13.5 மி.மீ. வெள்ளை விடும். கரையின் அகலம் 30. நான்கு மூலைக்கும் 30 × 30 கட்டம் ஒதுக்கினால் மேல்விளிம்பில் மீதி 120, அதாவது நான்கு அலகு (திரும்பத் திரும்ப வரும் 30 மி.மீ. துண்டு). பக்க விளிம்பில் மீதி 210, ஏழு அலகு. ஆக மொத்தம் 22 அலகு, 4 மூலை. வெட்டவோ இழுத்து நீட்டவோ தேவை இல்லை. அலகை 25 என்று வைத்துப் பாருங்கள், எங்கும் மிச்சம் விழும்.

இதில் ஒரு பொறி உண்டு. நான்கு அலகை நடுவில் பிரித்து இரண்டு இரண்டாக எதிரெதிரே மிரர் செய்யலாம். ஏழில் அது நடக்காது, நடு அலகு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கும். அதனால் கொடியைக் கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல ஒரே திசையில் வலமாக ஓடவிடுவதே நல்லது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை ஒருமுறை இந்தக் கண்ணோடு சுற்றி வாருங்கள். விஜயநகரக் காலத்துக் கல் வேலை அது. எல்லோரும் யாளியையும் குதிரையையும் பார்ப்பார்கள், நீங்கள் இடுக்குகளில் ஓடும் பூவேலையைப் பாருங்கள். ஆரணிப் பட்டின் கரையை மடித்து வைத்துப் பார்ப்பதும் அதே பாடம்தான்: ஒரு அலகு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது?

இனி பூ. நந்தியாவட்டையை எடுத்துக்கொள்ளலாம், ஐந்து இதழ், காற்றாடிபோலச் சுழலும். கனகாம்பரம் வேண்டாம், அதன் மடல்கள் ஒரு பக்கமாகவே விரியும், சுற்றி நகலெடுத்தால் வேறு பூ ஆகிவிடும். எஃப் 7 அழுத்தி 9 மி.மீ. அகலம், 11 மி.மீ. உயரத்தில் ஒரு நீள்வட்டம். கன்ட்ரோல் க்யூ கொடுத்து வளைவாக்கினால் நான்கு நோட் (வளைவைப் பிடித்து நிறுத்தும் புள்ளி) கிடைக்கும். எஃப் 10-இல், அதாவது ஷேப் டூலில், மேல் நோட்டை வலப்பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள், கீழ் நோட்டைக் கூர்மையாக்குங்கள். நான்கு நோட்டுக்கு மேல் சேர்க்க வேண்டியதே இல்லை. படத்தை டிரேஸ் செய்து கொண்டுவந்தால் ஒரு இதழுக்கே நூற்றுக்கணக்கில் நோட் நிற்கும். தேர்வாளர் ஷேப் டூலை எடுத்து ஒரு கிளிக் செய்தால் போதும், சாயம் வெளுத்துப்போகும்.

இதழை இருமுறை கிளிக் செய்து சுழல் மையத்தை அடிநுனிக்கு இழுங்கள். டிரான்ஸ்ஃபார்ம் டாக்கரில் ரொட்டேட் பகுதியில் கோணம் 72, காப்பி 4. ஐந்து என்று போட்டால் ஐந்தாவது நகல் முதல் இதழ்மேலேயே அச்சாக உட்காரும். திரையில் தெரியாது. டிரான்ஸ்பரன்சி கொடுத்ததும் அந்த ஒரு இதழ் மட்டும் கருத்துத் தெரியும். கன்ட்ரோலைப் பிடித்துக் கையால் சுற்றவும் வேண்டாம், அது வழக்கமாக 15 டிகிரிப் படியில்தான் நகரும், 72 அதில் அகப்படாது. வீட்டில் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் பழகுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இப்போது ஒவ்வொரு இதழும் முந்தையதன்மேல் படிந்திருக்கும். ஆனால் கடைசி இதழ் நான்காவதன்மேலும் ஏறும், முதல் இதழ்மேலும் ஏறும். முதல் இதழ் இருபுறமும் அமுங்கி, சுழற்சி அங்கே அறுந்துவிடும். ஆர்டர் கட்டளையால் எவ்வளவு மேலே கீழே மாற்றினாலும் தீராது. முதல் இதழைத் தேர்ந்து, ஷிஃப்டோடு கடைசி இதழைத் தேர்ந்து, டிரிம் கொடுங்கள். பின்னால் தேர்ந்ததுதான் வெட்டுப்படும், வரிசை மாறக்கூடாது. நடுவில் 4 மி.மீ. வட்டம் வைத்தால் அடிநுனிக் குழப்பம் மறையும். பிறகு கன்ட்ரோல் ஜி.

கொடித்தண்டு 30 மி.மீ. கட்டத்தின் இட விளிம்பில் 15 மி.மீ. உயரத்தில் நுழைந்து, வல விளிம்பில் அதே 15-இல் வெளியேற வேண்டும். இரு முனையிலும் ஹேண்டில் (நோட்டிலிருந்து நீண்டு வளைவின் திசையைக் காட்டும் கோடு) கிடைமட்டமாக இருக்கட்டும். உயரம் பொருந்தி ஹேண்டில் சாய்வு பொருந்தாவிட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் முட்டி மடங்கியதுபோலத் தெரியும். வலமேல் மூலையில் தண்டு இடப்பக்க நடுவில் நுழைந்து அடிப்பக்க நடுவில் இறங்கும், அங்கே ஹேண்டில் செங்குத்து.

பூவும் தண்டும் சேர்ந்த அலகைத் தேர்ந்து, அதே டாக்கரின் பொசிஷன் பகுதியில் எக்ஸ் 30, காப்பி 3 கொடுத்தால் மேல் வரிசை முடிந்தது. வலப்பக்கத்துக்கு அலகை மைனஸ் 90 சுழற்றி, ஒய் மைனஸ் 30, காப்பி 6. மூலையைத் தாளின் மையத்தை வைத்துச் சுழற்றாதீர்கள், சட்டம் சதுரம் இல்லையே, அது தாளுக்கு வெளியே போய்விடும். அந்தந்த இடத்தில் நகலெடுத்துத் தன் மையத்திலேயே சுழற்றுங்கள். எல்லாம் முடிந்ததும் வயர்ஃபிரேம் பார்வையில் (நிறம் இல்லாமல் கோடு மட்டும் தெரியும்) மூலைகளோடு சேர்த்து 26 இணைப்பையும் பெரிதாக்கிப் பாருங்கள். கையால் இழுத்து வைத்த அலகு இருந்தால் மயிரிழை இடைவெளி அங்கே காட்டிக்கொடுக்கும்.

பூவைச் சிறிதாக்கி மொட்டாக வைப்பவர்கள் எஃப் 12-இல் பொருளோடு கோடும் சுருங்கும் தேர்வை டிக் செய்யவும். இல்லையென்றால் 12 மி.மீ. மொட்டில் பழைய தடிமனே நின்று மை கொட்டியதுபோல இருக்கும். நிறத்தைத் தொடக்கத்திலிருந்தே சிஎம்ஒய்கே-யில் (அச்சு மையின் நிறமுறை) கொடுங்கள். திரைக்கான ஆர்ஜிபி-யில் பளபளத்த கிளிப்பச்சை அச்சில் வாடிவிடும்.

கரண்ட் போகும் ஊரில் கன்ட்ரோல் எஸ் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிரிண்ட் எடுக்கையில் தாளுக்குப் பொருத்தும் தேர்வை எடுத்துவிடுங்கள், ஸ்கேல் வைத்தால் கரை 180 மி.மீ. காட்ட வேண்டும்.