கற்றைக்குக் காதுகொடுத்த ஆண்டுகள்

துகள் முடுக்கி வளையத்தில் சுற்றும் துகள்கள் நடுப்பாதையை விட்டு விலகி அலைவதையும், அவற்றின் வேகம் ஒன்றுக்கொன்று வேறுபடுவதையும்தான் கற்றையின் வெப்பம் என்கிறோம். அந்த அலைவை அடக்க, செர்ன் ஆய்வகத்தின் சைமன் வான் டெர் மீர் 1972-இல் வெளியிட்ட முறையில், வளையத்தின் ஓரிடத்திலுள்ள பிக்-அப் மின்முனை துகள்களின் விலகலை உணர்கிறது. அந்தச் சமிக்ஞை பெருக்கப்பட்டு, வளையத்தின் குறுக்கே ஓடி, அதே துகள்கள் மறுபுறம் வந்து சேரும் கணத்தில் திருத்தும் உந்துதலாக அவற்றின் மீது விழுகிறது. புரோட்டானின் எதிர்த்துகளான எதிர்புரோட்டான்களை இவ்வாறு அடக்கிச் சேர்த்துவைத்து, புரோட்டான்களோடு மோதவிட முடிந்ததால்தான் 1983-இல் வலுவற்ற அணுக்கரு விசையைச் சுமக்கும் டபிள்யூ, இசட் துகள்கள் கண்டறியப்பட்டன.

விலகலை உணரும் அந்தப் பிக்-அப் மின்முனையை வடிவமைப்பதே என் வேலையாக இருந்தது. பெருக்கிகளைப் பற்றியே எல்லோரும் அதிகம் பேசுவார்கள். ஆனால் மின்முனையிலேயே இரைச்சலில் மூழ்கிவிட்ட சமிக்ஞையை எவ்வளவு பெருக்கினாலும் இரைச்சலும் கூடவே பெருகும் என்பதால், வெற்றி தோல்வி இங்கேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. கற்றைக்கு எவ்வளவு அருகில் போகிறோமோ அவ்வளவு நல்லது. செர்னின் எதிர்புரோட்டான் சேகரிப்பு வளையத்தில், கற்றை சுருங்கச் சுருங்க மின்முனைகளும் உள்நோக்கி நகர்ந்தன. பல மின்முனைகளின் வெளியீட்டைக் கட்டம் பிசகாமல், அதாவது அலைகளின் ஏற்ற இறக்கங்கள் ஒத்துப்போகும்படி, கூட்டினால் சமிக்ஞை இரைச்சலைவிட விரைவாக வளரும். மின்தடையின் வெப்ப இரைச்சல் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அறை வெப்பநிலையான 300 கெல்வினிலிருந்து 20 கெல்வினுக்கு இறக்கினால் அது 15-இல் ஒரு பங்காகக் குறையும்.

இந்தக் குளிரிடம்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். 1.5 கிகாஹெர்ட்ஸுக்காக 5 சென்டிமீட்டர், அதாவது கால் அலைநீள அளவில் செய்த மின்முனைகள் மேசையின் மீது குறையின்றி அளவுகாட்டின. குளிர்வித்தபோதோ, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சமிக்ஞை எவ்வளவு கடக்கிறது என்று காட்டும் நெட்வொர்க் அனலைசர் கருவியின் கோட்டில் ஒரு குறுகிய பள்ளம் விழுந்தது. அறை வெப்பநிலைக்குத் திரும்பியதும் அது சுவடின்றி மறைந்தது. மூன்று வாரங்கள் இணைப்புக் கம்பிகளையே சந்தேகித்துக்கொண்டிருந்தோம். உண்மையில் குற்றம் சுருக்கத்தில் இருந்தது. அந்த வெப்பநிலையில் ஒரு மீட்டர் அலுமினியம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் சுருங்குகிறது, துருப்பிடிக்காத எஃகோ 3 மில்லிமீட்டர்தான். அலுமினியத் தட்டு எஃகுச் சட்டத்தைவிட அதிகமாக உள்வாங்கியபோது, இரண்டுக்கும் இடையே மின்தொடர்பு தரும் பெரிலியம் செம்பு ஸ்பிரிங் நாக்குகளில் வரிசைக் கடைசியில் இருந்த ஒன்று மயிரிழை அளவு விலகி நின்றிருக்கிறது. உருப்பெருக்கியின் கீழ் அதன் வெள்ளிப் பூச்சில், தொட்டு உரசிய கீறல் பாதியிலேயே நின்றிருந்ததைக் கண்டபோதுதான் காரணம் புலப்பட்டது.

நீளமான, வளைவு மிகுந்த நாக்குகளைச் செய்து பொருத்தினோம். மறுபடி குளிர்வித்த இரவில், ஒவ்வொரு பத்து கெல்வினுக்கும் ஒருமுறை அளவெடுத்துக் குறித்துக்கொண்டே இருந்தேன்; 20 கெல்வினைத் தொட்டபோதும் கோடு தட்டையாகவே இருந்தது.