இடம் இருக்கிறது, ஆனால் இடம் இல்லை

சர்வர்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். இரவு இரண்டு மணிக்கு அலர்ட் வந்தது. டேட்டாபேஸ் நின்றுவிட்டது. நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும் லாக்கைத் திறந்தால், டிஸ்கில் இடமில்லை என்று ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கமாண்டைப் போட்டேன், 100 சதவீதம். சரி, இது சுலபமான வேலைதான் என்று நினைத்தேன். லாக் டைரக்டரியில், அதாவது ஃபோல்டரில், ஒரே ஒரு கோப்பு மட்டும் 40 ஜிபிக்கு உப்பிக் கிடந்தது. ஆர்எம் கமாண்ட் போட்டு அழித்தேன். மறுபடி டிஎஃப். அப்போதும் 100 சதவீதம்.

அந்த இடத்தில் கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. பழைய லாக்குகள், தற்காலிகக் கோப்புகள், யாரோ எடுத்து விட்டுப்போன தரவு நகலான டம்ப் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தேன். 100 என்பது 99 ஆனது. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ போட்டுப் பார்த்தால், பாதி டிஸ்க்கூட நிரம்பியிருக்கவில்லை. ஒரே டிஸ்க்கைப் பற்றி இரண்டு கமாண்டுகள் இரண்டு கணக்குச் சொல்கின்றன. எது பொய் என்று யோசித்துக்கொண்டே அரை மணி நேரம் போனது.

கடைசியில் சீனியரை எழுப்பினேன். முழுவதும் கேட்டுக்கொண்டவர், "இனிமே எதையும் தொடாதப்பா. எல்எஸ்ஓஎஃப் போட்டுப் பார்த்தியா?" என்றார். எந்தக் கோப்பை எந்த புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் கமாண்ட் அது.

டிஎஃப், டியூ இரண்டுமே பொய் சொல்லவில்லை. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஆர்எம் செய்வது, டைரக்டரியில் இருக்கும் பெயரை எடுப்பது மட்டும்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஐநோடும் (கோப்பின் விவரக் குறிப்பு) தரவும், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசி புராசஸ் மூடும்வரை அப்படியே இருக்கும். டியூ பெயர்களைத் தேடிக்கொண்டு போய்க் கூட்டுகிறது. பெயர் இல்லாததை அதனால் பார்க்க முடியாது. டிஎஃப், டிஸ்கில் கோப்புகளை நிர்வகிக்கும் ஃபைல்சிஸ்டத்திடம் நேராகக் கணக்குக் கேட்கிறது. நான் அழித்த 40 ஜிபியைப் பயன்பாட்டு சர்வர் இன்னும் திறந்து வைத்துக்கொண்டு, அதிலேயே எழுதிக்கொண்டும் இருந்தது. எல்எஸ்ஓஎஃப்பில், பெயர் இழந்தும் திறந்திருக்கும் கோப்புகளை மட்டும் காட்டும் ஆப்ஷன் ஒன்று உண்டு. போட்டதும் அந்த 40 ஜிபி கோப்பு முதல் வரியிலேயே நின்றது. அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தோம். 40 ஜிபி திரும்பி வந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை அழிக்காமல், பூஜ்யத்துக்குச் சுருக்கியிருந்தால் இந்த வம்பே இல்லை. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோப்பைக் கடைசியில் சேர்க்கும் முறையில் திறந்திருக்கும் புராசஸ், சுருக்கிய பிறகு முதலிலிருந்து எழுதும். அப்படித் திறக்காத புராசஸ், தான் விட்ட பழைய இடத்திலிருந்தே தொடரும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டுப் பார்த்தால் கோப்பு மறுபடி 40 ஜிபி என்று பயமுறுத்தும். நடுவில் இருப்பது எதுவும் எழுதப்படாத ஓட்டைதான், டிஸ்கில் இடம் பிடிக்காது. இதைத் தெரியாமல் இன்னொரு முறை நானே பயந்திருக்கிறேன்.

அன்று உண்மையில் நான் இழந்தது வேறு. பதற்றத்தில் அழித்த கோப்புகளில் முந்தைய நாள் லாக்கும் போய்விட்டது. அந்த லாக் ஏன் இப்படி வீங்கியது என்பதற்கான ஒரே சாட்சி அதுதான். மூன்று நாள் கழித்து லாக் மறுபடி வீங்கத் தொடங்கியபோதுதான் காரணம் தெரிந்தது. வேறொரு பிழையைத் தேடுவதற்காக லாக்கில் எவ்வளவு விவரம் எழுதுவது என்ற டீபக் லெவலைக் கூட்டி வைத்துவிட்டு, திருப்பி வைக்க மறந்திருந்தது நான்தான்.

ஏழெட்டு மாதம் கழித்து அதே செய்தி, வேறு சர்வரில். டிஸ்கில் இடமில்லை. டிஎஃப் 60 சதவீதம் என்றது. இந்த முறை எனக்குத் தெரியும் என்ற தெம்பில் நேராக எல்எஸ்ஓஎஃப்புக்குப் போனேன். அதில் ஒன்றும் இல்லை. பாடம் படித்தவன் அதே பாடத்தையே எல்லா இடத்திலும் தேடுவான் அல்லவா? டிஎஃப்புக்கு ஐ என்ற ஆப்ஷனைக் கொடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது: கோப்புக்கு ஒன்று என்று வேண்டிய ஐநோடுகள் 100 சதவீதம். வெப்சைட்டுக்கு வந்துபோகிறவர்களுக்காக உருவாகும் பிஎச்பி செஷன் கோப்புகள், ஒவ்வொன்றும் சில பைட்டுகள், லட்சக்கணக்கில். அவற்றைத் துடைக்க வேண்டிய குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை எப்போதோ நின்றுபோயிருந்தது. எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தில் ஐநோடுகளின் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. பிறகு கூட்டவேண்டுமென்றால் ஃபைல்சிஸ்டத்தையே பெரிதாக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டம் தேவைக்கேற்ப ஒதுக்கிக்கொள்ளும்.

அந்த டைரக்டரியில் எல்எஸ் போட்டால் பட்டியல் சீக்கிரம் வராது. பட்டியலை முழுவதும் படித்து வரிசைப்படுத்திய பிறகுதான் அது வாயைத் திறக்கும். ஆர்எம்முக்கு, எல்லாக் கோப்புகளையும் குறிக்கும் நட்சத்திரக் குறி போட்டால், பட்டியல் மிக நீளம் என்று கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ஷெல் கையை விரித்துவிடும். ஃபைண்ட் கமாண்டையே தேடவும் அழிக்கவும் விட்டுவிட்டு, முகம் கழுவி வந்தேன்.

மூன்றாவது முறை டிஸ்கிலும் இடம் இருந்தது, ஐநோடும் இருந்தது. ஏதோ ஒரு சர்வீஸைத் தொடங்கினால் மட்டும் இடமில்லை என்று வந்தது. லினக்ஸில் கோப்புகளின் மாற்றங்களைக் கண்காணிக்கும் ஐநோட்டிஃபைக்கு ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரம்பு உண்டு. அது தீர்ந்தாலும் லினக்ஸின் மையமான கெர்னல் அதே பிழை எண்ணைத்தான் திருப்பித் தருகிறது. டிஸ்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எதற்கு இடமில்லை என்பதை அந்தச் செய்தி ஒருபோதும் சொன்னதில்லை. டிஸ்க் என்று நானாகத்தான் படித்துக்கொண்டேன்.

சர்வருக்கு எவ்வளவு சுமை என்று காட்டும் லோட் ஆவரேஜும் இப்படிப்பட்டதுதான். நான்கு கோர் உள்ள சர்வரில் லோட் 60ஐத் தாண்டி நிற்க, சிபியூ பத்து சதவீதம்கூட வேலை செய்யாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். லினக்ஸ், ஓடுகிற, ஓடக் காத்திருக்கிற புராசஸ்களோடு, டி என்ற நிலையில் டிஸ்குக்காகவோ நெட்வொர்க் ஸ்டோரேஜுக்காகவோ எழுப்ப முடியாமல் தூங்கும் புராசஸ்களையும் லோடில் சேர்க்கிறது. அன்று, நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைத் தரும் என்எஃப்எஸ் சர்வர் ஒன்று மௌனமாகியிருந்தது; அதைத் தொட்ட ஒவ்வொரு புராசஸும் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. டிஎஃப்கூடத் திரும்பி வரவில்லை, ஏனென்றால் அதுவும் அங்கிருந்து இணைத்திருந்த அந்த மவுண்ட்டைத் தொடுகிறது. சிபியூ போதவில்லை, பெரிய சர்வர் வாங்குவோம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வாங்கியிருந்தால் இன்னும் அதிகமான புராசஸ்கள் வசதியாகத் தூங்கியிருக்கும்.

இனி, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் 777. இதைச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றி எழுத முடியாது.

வெப்சைட்டில் அனுமதி மறுப்பு. உடன் வேலை செய்தவர், அவசரத்தில், ஹோம் டைரக்டரி மேலிருந்து கீழ்வரை அனுமதிகளை மாற்றும் சிஹெச்மோட் கமாண்டில் 777 அடித்துவிட்டார். ஒரு நிமிடம் கழித்து, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகப் புதிதாக யாரும் உள்ளே போக முடியவில்லை. ஹோம் டைரக்டரியிலோ பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் சாவி இருக்கும் டைரக்டரியிலோ மற்றவர்கள் எழுதலாம் என்றிருந்தால், எஸ்எஸ்எச் சர்வர் அந்தச் சாவியை நம்பாது. எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டதும் எங்களுக்கே கதவு மூடிக்கொண்டது! நல்லவேளை, அவருடைய பழைய செஷன் திறந்தே இருந்தது. அதிலிருந்து அனுமதிகளைச் சீர்செய்தோம். அசல் கோளாறு என்ன? வெப்சைட் கோப்புகளில் ஒன்றுமே இல்லை. ஒரு டைரக்டரிக்குள் நுழைய அதன் மேல் எக்ஸ் அனுமதி வேண்டும்; பாதையில் மூன்று படி மேலே ஒரு டைரக்டரியில் அது இல்லை. நேம்ஐ என்ற சின்னக் கமாண்ட், எல் என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், உச்சியில் இருக்கும் ரூட் டைரக்டரியிலிருந்து கடைசிக் கோப்புவரை ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எனக்கு அது தெரியவந்தது வேலையில் சேர்ந்து ஐந்தாவது வருடத்தில். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஃபயர்வால் விதிகள் குழம்பிக் கிடக்கின்றன, முதலிலிருந்து எழுதலாம் என்று ஐபிடேபிள்ஸ் விதிகளை மொத்தமாகத் துடைத்தவன் நான். துடைத்தால் விதிகள்தான் போகும். அடிப்படைக் கொள்கை போகாது. அது, தெரியாத எதையும் தூக்கிப் போடு என்றிருந்தது. அனுமதி கொடுத்த விதிகள் எல்லாம் போய், தூக்கிப் போடுவது மட்டும் மிஞ்சியது. கர்சர் அப்படியே உறைந்து நின்றது. இப்போதெல்லாம் ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன், ஐந்து நிமிடத்தில் பழைய விதிகளைத் திருப்பிப் போடும்படி ஏட் கமாண்டில் ஒரு வேலையைச் சொல்லி வைத்துவிடுகிறேன். புதிய விதிகளோடு இரண்டாவது ஜன்னலில் உள்ளே வர முடிந்தால் அதை ரத்து செய்வேன். முடியாவிட்டால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

அன்று ஐந்து நிமிடத்தில் முடியவில்லை. சர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் கொடுத்த கன்சோல் (சர்வரின் நேரடித் திரை) வழியாகப் போகலாம் என்று பார்த்தால், அது பாஸ்வேர்டு கேட்டது. சர்வரை எஸ்எஸ்எச் சாவியோடு மட்டும் நிறுவியிருந்தோம். தலைமைக் கணக்கான ரூட்டுக்குப் பாஸ்வேர்டே வைக்கவில்லை. கன்சோல் கண்ணெதிரே இருக்கிறது, உள்ளே போக வழியில்லை. அப்புறம் அவசரத்துக்கான ரெஸ்க்யூ மோடில் பூட் செய்து, டிஸ்க்கை மவுண்ட் செய்து, விதிகளைத் திருத்தி வெளியே வர இரண்டு மணி நேரம் ஆனது.

அதனால் ஹோஸ்டிங் பற்றி யாராவது கேட்டால், எத்தனை கோர், எவ்வளவு ரேம் என்பதற்கு முன்னால் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: நெட்வொர்க் செத்த பிறகு எந்த வழியாக உள்ளே போவது? அந்த வழியை, சர்வர் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். இரண்டாவது, விபிஎஸ் (ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிடும் மெய்நிகர் சர்வர்) என்றால், டாப் கமாண்டில் எஸ்டி என்ற சதவீத எண்ணைச் சில நாள் கவனிக்கலாம். நம் மெய்நிகர் இயந்திரம் ஓடத் தயாராக இருந்தும், கீழே இருக்கும் ஹோஸ்ட் அதற்கு சிபியூ கொடுக்காத நேரம் அது. தொடர்ந்து இரண்டு இலக்கத்தில் நின்றால், அண்டை வீட்டாருக்கும் சேர்த்து நாம் வாடகை கட்டுகிறோம் என்று பொருள். நம் கான்ஃபிகரேஷனை எவ்வளவு நோண்டினாலும் அது குறையாது. சர்வரிலிருந்து மெயில் அனுப்பவேண்டுமென்றால், மெயில் போகும் 25ஆம் போர்ட் வழியாக வெளியே போக விடுவார்களா, ஐபி முகவரிக்கு உரிய பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் வைத்துக்கொள்ளலாமா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது. சர்வரை வேறு இடத்துக்கு மாற்றும்போது, பழைய முகவரியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் டிடிஎல்லை முதல் நாளே 300 விநாடிக்குக் குறைக்கச் சொல்லி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

ரீபூட் பற்றி ஒரு வார்த்தை. 700 நாளுக்கு மேல் அணையாத சர்வர் ஒன்றை நாங்கள் பெருமையாக வைத்திருந்தோம். கெர்னல் அப்டேட்டுக்காக ரீபூட் செய்தோம், எழுந்திருக்கவில்லை. எப்போதோ கழற்றிவிட்ட டிஸ்க் ஒன்றின் வரி பூட்டில் எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அப்படியே இருந்தது. பூட்டில் எல்லாவற்றையும் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. அதைத் தாண்டி வந்தால், கையால் தொடங்கி, பூட்டில் தொடங்கும்படி எனேபிள் செய்யாமல் விட்ட சர்வீஸ்கள் இரண்டு. நாங்களோ புதிய கெர்னல்தான் கோளாறு என்று முதல் ஒரு மணி நேரம் அதையே திட்டிக்கொண்டிருந்தோம். இப்போது பெரிய மாற்றம் எதுவானாலும், மாற்றத்துக்கு முன்னால் ஒருமுறை ரீபூட் செய்கிறேன். அதில் விழுவது பழைய கோளாறு. மாற்றத்துக்குப் பிறகு விழுவது என்னுடையது. இரண்டையும் கலக்காமல் இருந்தாலே பாதி இரவு மிச்சம்.

பேக்கப்பில் மட்டும் நாங்கள் உஷார் என்று நினைத்திருந்தோம். 2017 ஜனவரியில், புரோகிராம் கோடைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்ததும், மீட்கப் போனபோது அவர்கள் வைத்திருந்த பேக்கப் முறைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டதும் எங்கள் அறையில் பல நாள் பேச்சாக இருந்தது. அதையெல்லாம் மறைக்காமல் அவர்களே வெளியிட்டது பெரிய விஷயம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போனது. அந்த வாரமே எங்கள் பேக்கப்பை வேறு நிறுவனத்தின் சர்வருக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தோம். தினமும் காலையில் பேக்கப் வெற்றி என்று மெயில் வரும். எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதியோடு, ஒரு சனிக்கிழமை வெற்று சர்வர் ஒன்றை எடுத்து, பேக்கப்பிலிருந்து மட்டும் எல்லாவற்றையும் எழுப்பிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். டேட்டாபேஸ் டம்ப் நன்றாக இருந்தது. ஆனால் அதை மறையாக்கம் செய்த சாவி, நாங்கள் எரிந்துபோனதாக வைத்துக்கொண்ட அதே பழைய சர்வரில்தான் இருந்தது. சரி, இது ஒத்திகைதானே என்று அதிலிருந்து எடுத்து வந்தோம். டம்ப்பை ஏற்றி, இண்டெக்ஸ்களைக் கட்டி, சான்றிதழ்களும் கிரான் வேலைகளும் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தொடங்கி ஆறு மணி நேரம். அவசரகால ஆவணத்தில், மீட்க ஆகும் நேரம் ஒரு மணி என்று நாங்களே எழுதி வைத்திருந்தோம். அதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினோம். சாவியின் நகல் ஒன்றைத் தனியாக எடுத்துப் பூட்டி வைத்தோம். திங்கட்கிழமை ஆவணத்தைப் பார்த்த மேலாளர், ஒன்றை ஏன் ஆறாக்கினீர்கள், வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது என்றார். அடுத்த ஒத்திகைக்கு அவரையும் கூப்பிட்டிருக்கிறோம்.