பால் மூடியும் புள்ளி வைத்த எழுத்தும்

இங்கிலாந்தில் வந்து இறங்கிய அன்றே ஆங்கிலம் என் காலை வாரிவிட்டது. ஹீத்ரோவில் பஸ் டிக்கெட் வாங்கும் இடத்தில் "ரீடிங்" என்று ஊர்ப் பெயரைச் சொன்னேன், அந்தம்மா முழித்தார், பின்னாலிருந்து கணவர் "ரெடிங்" என்று திருத்தினார். எழுதுவது என்னவோ வாசிப்புக்கு எழுதுகிற அதே எழுத்துகள்தான், ஆனால் ஊரைச் சொல்லும்போது ரெடிங். தோளில் இரண்டு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில்தான் இவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பெல்லாம் அப்போது இல்லை.

இங்கே மூன்று வயது முடிந்ததும் அடுத்த பருவத்திலிருந்து வாரம் 15 மணி நேரம் நர்சரி இலவசம், வருடத்துக்கு 38 வாரம். சேர்த்த புதிதில் டீச்சரிடம், மகள் ஏ முதல் இசட் வரை ஒப்பிப்பாள் என்று பெருமையாகச் சொன்னேன். எழுத்தின் பெயர் இப்போதைக்கு வேண்டாம், ஒலி தெரிந்தால் போதும் என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தால் நியாயம்தான். சி, ஏ, டி என்று எத்தனை வேகமாகச் சொன்னாலும் 'சிஏடி'தான் வரும், பூனை வராது. இருப்பது 26 எழுத்து, அதை வைத்துக்கொண்டு இவர்கள் எழுப்பும் ஒலிகள் ஏறக்குறைய 44.

சரி, ஒலிதானே என்று நான் 'ஸ, ப, ம' எனத் தொடங்கினேன். அதுவும் தப்பு. சூரியனுக்கான சொல்லை 'ஸ-அ-ன' என்று கூட்டினால் பிள்ளைக்கு என்ன விளங்கும்? அந்த 'அ' என்கிற வால் கூடாது என்று டீச்சர் உதட்டை மூடி "ம்ம்ம்" என்று காட்டினார். அட, இது நம்ம 'ம்' அல்லவா! இரண்டாம் வகுப்பில் புள்ளி வைக்க மறந்து முட்டியில் அடி வாங்கியவள் நான். இங்கே பெற்றோருக்குத் தனியாகச் சொல்லிப் புரியவைக்கும் விஷயத்தை அந்தப் புள்ளி ஒன்றாம் வகுப்பிலேயே நமக்குச் சொல்லிவிடுகிறது.

அப்புறம் விளையாட்டுதான். இங்கே பால் பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் வரும், எங்கள் வீட்டுக்கு வந்தவற்றில் கொழுப்பெடுக்காத பாலுக்கு நீல மூடி, பாதி எடுத்ததற்குப் பச்சை. மூடிகளைச் சேர்த்துவைத்து மார்க்கரால் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்று ஆறு எழுத்து மட்டும் எழுதினேன். பள்ளிகளிலும் பெரும்பாலும் இந்த ஆறில்தான் ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் இவற்றை மட்டும் மாற்றி மாற்றி வைத்தாலே டின், பின், நாப், டாப் என்று சின்னச் சொற்கள் வந்துகொண்டே இருக்கும். மூடிகளை அரிசித் தட்டில் புதைத்துவிடுவேன், அவள் தோண்டி எடுத்து ஒலியைச் சொல்ல வேண்டும். விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து எழுதவைப்பதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதில் சோபாவுக்கு அடியிலெல்லாம் அரிசி. மழை நாளில், அதாவது முக்கால்வாசி நாள், சமையலறைத் தரையில் டேப் ஒட்டிப் பாண்டிக் கட்டம். நான் ஒலி சொல்ல, அவள் அந்தக் கட்டத்துக்குக் குதிப்பாள். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து கதவைத் தட்டினார், அதோடு பாண்டி பகலில் மட்டும்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது பை விளையாட்டு. "ஸ்ஸ்" என்றால் ஓடிப்போய் அந்த ஒலியில் தொடங்கும் பொருளைக் கொண்டுவந்து பையில் போட வேண்டும், எந்த மொழியானாலும் சரி. சாக்ஸ் வரும், சோப்பு வரும், சீரக டப்பா வரும். டி எழுத்துக்கு டம்ளரோடு தயிரையும் தூக்கி வந்தாள். நாக்கு பல்லில் படுகிறதா, மேலே படுகிறதா என்று இருவரும் கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்த்தோம், தயிர் ஃபிரிட்ஜுக்குத் திரும்பியது.

பி எழுத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பேனாவின் முதல் ஒலியும் பந்தின் முதல் ஒலியும் ஆங்கிலத்தில் வேறு வேறு, நமக்கோ இரண்டுக்கும் ஒரே 'ப'. டிஷ்யூவைக் கிழித்து நாடாவாக்கி மூக்கு முன்னால் தொங்கவிட்டால் வித்தியாசம் தெரியும் என்று கேள்விப்பட்டுச் செய்து பார்த்தேன். மகள் "பென்" என்றாள், தாள் பறந்தது. நான் அதே சொல்லைச் சொன்னேன், அசையவே இல்லை. "பருப்பு" என்றேன், அதற்கும் அசையவில்லை. கடையில் நான் கேட்பது ஏன் இவர்கள் காதில் வேறாக விழுகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு வாரம், அவள் தூங்கிய பிறகு, நான் தனியாக நாடாவை ஊதிப் பழகினேன்.

திருநெல்வேலியிலிருந்து அம்மா கேட்பதெல்லாம் "பிள்ளை ஏபிசிடி முழுசா சொல்லுதா?" என்பதுதான். ஆண்டு 1, அதாவது ஐந்தாறு வயதில் படிக்கும் வகுப்பு, அதில் ஜூன் மாதம் பள்ளியில் 40 சொல் வாசிக்கவைத்துப் பார்ப்பார்கள், 2012லிருந்து நடக்கிறது, அதில் 20 சொல் சும்மா உருவாக்கியது, ஒலி கூட்டத் தெரிகிறதா என்று பார்க்கத்தான், அவற்றின் பக்கத்தில் வேற்றுக்கிரகவாசி படம் இருக்கும் என்றேன். "இல்லாத வார்த்தைய வாசிச்சு என்னட்டி செய்ய?" என்றாள். நியாயமான கேள்வி, நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆனால் பை விளையாட்டு அம்மாவுக்கும் பிடித்துப்போனது. சனிக்கிழமை இங்கே காலை பத்து, அங்கே மாலை மூன்றரை. ஆச்சி போனில் ஒலி சொல்வாள், பேத்தி ஓடுவாள். போன வாரம் "ம்ம்ம்" என்று ஆச்சி ஆரம்பித்தபோது நெட் நின்று, உதட்டை மூடிய முகம் திரையில் அப்படியே உறைந்துவிட்டது. மிளகு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மகள் திரையைப் பார்த்து, ஆச்சி இன்னும் முடிக்கவில்லை என்று நினைத்து, தானும் "ம்ம்ம்" என்று இழுத்துக்கொண்டே நின்றாள்.