வள்ளிக்கு இரண்டு கல்யாணம்: உடுமலைப் பக்கம் ஒரு சித்திரை நோம்பி

சித்திரை மாசம் கொங்குநாட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஊட்டிக்கோ வால்பாறைக்கோ ஏறிவிடுகிறார்கள். பகல் வெயிலைப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். ஆனால் அதே மாசத்தில் கீழே ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி நடக்கிறது (திருவிழாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), பொழுது சாய்ந்துவிட்டால் கோயில் திடலில் கும்மி, ஜமாப் மேளம், நாடகம், கச்சேரி என்று ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கும், சில ராத்திரி விடியும்வரைக்கும். கலைவிழா என்று நகரத்தில் டிக்கெட் போட்டு நடத்துகிறார்களே, அதையெல்லாம் பார்த்திருக்கிறேன். இந்தத் திடல்களில் நடப்பதைப் பார்த்த பிறகு என் மனசு இந்தப் பக்கம்தான் நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கம், வேலை கோயமுத்தூரில். கூட வேலை செய்யும் தோழியின் அம்மா ஊர் உடுமலையிலிருந்து தாராபுரம் போகும் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிறது. "நோம்பி சாட்டியாச்சு, வர்றியா?" என்று கேட்டாள், திருவிழாவை அறிவித்தாயிற்று என்று அர்த்தம். உக்கடத்தில் பஸ் ஏறினோம். பொள்ளாச்சி தாண்டி உடுமலை வரைக்கும் தென்னந்தோப்பு கூடவே வரும், உடுமலையைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் நிலம் சட்டென்று காய்ந்துபோய்விடும், வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகளும் காற்றாலைகளும்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வைகாசிக்கு மேல்தான் வேகமெடுக்கும் என்றாலும் சித்திரையிலேயே சாயங்காலம் லேசாக எட்டிப் பார்க்கிறது. அந்தக் காற்று இல்லையென்றால் இந்த ஊர்களில் ராத்திரி உட்கார்ந்து எதையும் பார்க்க முடியாது.

இந்தப் பக்கம்தான் பூளவாடியும் இருக்கிறது, உடுமலை நாராயணகவி 1899இல் பிறந்த ஊர். சினிமாப் பாட்டு எழுதியவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். அதற்கு முன்னால் முத்துசாமிக் கவிராயரிடம் பாடம் கேட்டு நாடகத்துக்கு எழுதியவர் அவர். இந்த ஊர்க்காரர்களுக்கு நாடக மேடை புதுசு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தோழியின் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, "வா அம்மிணி, வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோரக் குடிங்க" என்று உட்கார வைத்தார். அப்புறம் சந்தகை, தேங்காய்ப்பால், ஒப்பிட்டு. ஒறம்பரை (விருந்தாளி) வந்த வீட்டில் அடுப்பு அணைவதே இல்லை. கோயிலுக்கு முன்னால் கம்பம் நட்டிருந்தார்கள். மூன்று கிளையாகப் பிரியும் மரத்தை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி நடுவது, அம்மனுக்கு அதுதான் புருஷன் என்பது நம்பிக்கை. பெண்கள் காலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ராத்திரி ஆண்கள் சுற்றி ஆடுகிறார்கள். சாட்டு போட்டதிலிருந்து கம்பம் பிடுங்கும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்று இங்கே ஒரு கட்டு உண்டு. இந்தக் கலைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அங்கே இருந்தபோதுதான் புரிந்தது. எல்லோரும் ஊரில் இருக்கிறார்கள், ராத்திரி எல்லோருக்கும் நேரம் இருக்கிறது!

முதல் ராத்திரி வள்ளி கும்மி அரங்கேற்றம். மாசக்கணக்கில் சாயங்காலம் சாயங்காலம் கோயில் வாசலில் பழகியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்லூரிப் பெண்கள், தோட்டத்து வேலை முடித்து வரும் அம்மாக்கள், மீசை நரைத்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் சேலையும் சட்டையும் போட்டு வட்டமாக நின்றார்கள். நடுவில் ஆசிரியர், கையில் மைக். விநாயகரைப் பாடி ஆரம்பித்தார். அவர் ஒரு அடி பாடுகிறார், வட்டம் முழுக்க அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே குனிந்து நிமிர்ந்து கை தட்டி நகர்கிறது. வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் குழந்தை கிடைப்பது, நம்பிராஜன் எடுத்து வளர்ப்பது, தினைப்புனத்தில் பரண் மேல் நின்று ஆலோலம் பாடுவது, வேடனாக முருகன் வருவது, அவன் வேங்கை மரமாக நிற்பது, கிழவனாகத் தள்ளாடி வருவது, யானையாகப் பிள்ளையார் வந்து பயமுறுத்துவது என்று கதை முழுவதும் பாட்டிலும் காலிலும்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் மெட்டு மாறும், மெட்டு மாறினால் அடி மாறும். ஆசிரியர் ஒரு இடத்தில் தாளத்தை ஒரு பிடி கூட்டினார் பாருங்கள், வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்பக்கம் திரும்பித் தட்டிய அந்தச் சத்தம் எனக்கு நெஞ்சுக்குள் கேட்டது.

இந்த ஆட்டம் முன்பு ஆண்கள் மட்டும் ஆடியது. மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன், 87 வயதில் 2024இல் பத்மஸ்ரீ வாங்கியவர், பெண்களையும் சேர்த்துப் பழக்கியவர்களில் முக்கியமானவர். அவர் அன்றைக்கு எடுத்த முடிவு எவ்வளவு பெரியது என்று அந்தத் திடலில் நின்றால் தெரியும். வட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். என் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் வாய்க்குள்ளேயே எல்லாப் பாட்டையும் பாடிக்கொண்டிருந்தார். "நீங்க ஆடலைங்களா?" என்றேன். "முட்டி வலிங்கண்ணு, போன தடவ ஆடுனேன். இந்தா, செவப்பு ரிப்பன் கட்டியிருக்குதே, அது எம் பேத்தி" என்று காட்டினார். முருகன் வள்ளி கல்யாணம் வந்தபோது அவரும் எழுந்து ஒரு தட்டில் தேங்காய் பழம் பூ வைத்து எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் போனார். பெண் வீட்டுச் சீர். பார்க்க வந்தவர், ஆட வந்தவர், கல்யாணத்துக்கு வந்தவர் என்ற பிரிவெல்லாம் அதோடு போயிற்று.

கும்மி முடிந்ததும் ஜமாப். திடும் அடி ஆரம்பித்தால் சின்னப் பையன்கள் நிற்கவே மாட்டேன் என்கிறார்கள். நடுவில் நாலைந்து பேர் பெருஞ்சலங்கை கட்டி ஆடினார்கள். ஒவ்வொரு மணியும் பெரிசு, அதைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்குவதே பாடு. ஆனால் எல்லோரும் ஒன்றாகக் காலை ஊன்றும்போது மேளத்துக்கு மேலே அந்தச் சலங்கை கேட்கிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மறுநாள் சாயங்காலம்தான் எனக்கு வருத்தம். அண்ணன்மார் சாமி கதை உடுக்கைப் பாட்டு என்று நோட்டீசில் பார்த்துவிட்டு ஆசையாக முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன். பொன்னர், சங்கர், தங்கை தங்காள் கதை. அண்ணன்மார் போரில் மடிந்ததை நடத்திக் காட்டும் படுகளம் நடக்கும் வீரப்பூர் எங்கள் மணப்பாறைப் பக்கம்தான், சின்ன வயதிலிருந்து கேட்ட பெயர்கள். வயதான பாடகர் உடுக்கையோடு வந்தார், கூடப் பின்பாட்டுக்கு ஒருவர். குரலில் பிசிறு விழுந்தாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. பெற்றவர்களான குன்னுடையாரும் தாமரையும் பிள்ளை இல்லாமல் படும் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து ஒருவர் மேடையேறி நேரமாகிவிட்டது என்று காதில் சொன்னார், அடுத்து இன்னிசைக் கச்சேரி. அண்ணன்மார் இன்னும் பிறக்கவே இல்லை, பாட்டு முடிந்துவிட்டது.

1965இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தபோது அது 18 இரவு நீண்டது. பதினெட்டு ராத்திரிக் கதைக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தால் அவர் என்னதான் செய்வார்? படுகளக் காட்சியில் உடுக்கை ஏற ஏற ஆட்கள் செத்தவர்கள் மாதிரி மயங்கி விழுவார்கள், வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்துவார்கள், அப்புறம் தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். அந்த நிலைக்குக் கேட்கிறவர்களைக் கொண்டுபோக உடுக்கைக்கு மணிக்கணக்கு வேண்டும், பல ராத்திரி வேண்டும். சுருக்கமாக ஒன்று போடுங்கள் என்று கேட்கக்கூடிய கலையே இல்லை இது. நோம்பி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரே ஒரு முழு ராத்திரியை இதற்கு விடுங்கள். கூட்டம் குறையும்தான். குறைந்த கூட்டம் விடியும்வரை இருக்கும்.

இன்னிசைக் கச்சேரியில் பாடிய பெண்ணுக்கு நல்ல குரல். எட்டு ஸ்பீக்கர் வைத்து அதையும் கெடுத்தார்கள், வேறென்ன சொல்ல.

அதற்கடுத்த ராத்திரி வள்ளி திருமணம் நாடகம். ஆமாம், மறுபடியும் அதே வள்ளி, அதே முருகன்! அமுச்சி சொன்னார், "கும்மியில நம்மூரு வள்ளி, நாடகத்துல மருதப் பக்கத்து வள்ளி, ரெண்டையும் பாக்கோணும்." சாக்கு, போர்வை, சொம்பில் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு போய் மண்ணில் இடம் பிடித்தோம். ஆரம்பிக்கும்போதே பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது.

இது ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), நாரதர், பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருவார்கள். மதுரை, திண்டுக்கல் என்று வேறு வேறு ஊர். இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது, சில பேர் அன்று ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் இறந்தது 1922இல். அவருடைய பாட்டும் கட்டமைப்பும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் அந்த ஒன்றை நம்பி மேடையேறுகிறார்கள். மாசக்கணக்கில் ஒன்றாகப் பழகிய ஊர்க்காரர்களின் கும்மி ஒரு பக்கம், முன்பின் தெரியாதவர்கள் ஒரே ராத்திரியில் கூடி நடத்தும் நாடகம் இன்னொரு பக்கம், கதை ஒன்றே. இரண்டும் நடக்கக் காரணம் எதிரில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கும் கதை தெரியும் என்பதுதான்.

முதலில் பபூனும் டான்சும். வழக்கமான கேலிப் பேச்சு, சில இடத்தில் எனக்கு ஒப்பவில்லை, கூட்டம் சிரித்தது. வள்ளி வந்ததும் பேச்சுச் சத்தம் அடங்கியது. நடுச்சாமத்துக்கு மேல் நாரதர் வந்தார். அதற்கப்புறம் நடந்த தர்க்கத்துக்காகவே இன்னொரு தடவை அவ்வளவு தூரம் போவேன். கல்யாணம் எதற்கு, தனியாக இருந்தால் என்ன குறை என்று வள்ளி கேட்கிறாள். நாரதர் ஒரு பாட்டை எடுக்கிறார், வள்ளி அதே ராகத்தில் மடக்குகிறாள், ஆர்மோனியக்காரர் அடுத்து யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று முகத்தைப் பார்த்தே பிடிக்கிறார். ஒரு இடத்தில் நாரதருக்கு உண்மையிலேயே பதில் வரவில்லை, நாலு விநாடி நின்றார், முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் "சொல்லுங் சாமி!" என்று சத்தம் போட, திடலே சிரித்தது, நாரதரும் சிரித்துவிட்டு வேறு ஒரு விருத்தத்தில் ஏறிப் போய்விட்டார், எங்கே போனாரோ அங்கே மிருதங்கமும் போயிற்று. ஒத்திகை பார்த்த நாடகத்தில் இது கிடைக்காது.

கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் இப்படிப்பட்ட மேடைகளில்தான் வள்ளியாக நின்றார், எதிரில் எஸ்.ஜி. கிட்டப்பா. இருவரும் சேர்ந்து நடித்தது சில வருஷங்கள்தான், 1933இல் கிட்டப்பா போய்விட்டார். அவர்கள் காலத்தில் கடைசி வரிசைக்கும் குரல்தான் போய்ச் சேர வேண்டும். எங்கள் வள்ளிக்கு மைக் இருந்தது. ஆனால் மூன்று மணிக்கு மேல் மின்சாரம் போய் மைக் நின்றபோது அவர் பாட்டை நிறுத்தவில்லை. காற்று எங்கள் பக்கம் வீசியதால் எங்களுக்குக் கேட்டது, அந்தப் பக்கம் இருந்தவர்கள் எழுந்து எங்கள் பக்கம் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்த பிறகும் அவர்கள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. முருகன் வந்து, கிழவன் வேஷம் போட்டு, கல்யாணம் முடிந்து மங்களம் பாடும்போது கிழக்கே நன்றாக வெளுத்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: பங்குனி முதல் வைகாசி வரை எந்த வாரம் போனாலும் ஏதாவது ஒரு ஊரில் நோம்பி இருக்கும். தேதியைப் பஸ் ஸ்டாண்டு, டீக்கடைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீசில்தான் பார்க்க வேண்டும். உடுமலைக்கு ரயிலும் உண்டு, திண்டுக்கல் - பாலக்காடு பாதை. சின்ன ஊர்களில் லாட்ஜ் கிடையாது, தங்கல் உடுமலையிலோ பொள்ளாச்சியிலோ பார்த்துக்கொண்டு, திரும்ப முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கும்மி வட்டத்துக்குள் போனை நீட்டிக்கொண்டு போகாதீர்கள், அடி தவறும். நாடகத்துக்குப் போர்வை கட்டாயம், விடியற்காலம் குளிரும். பகலில் தூங்கிவிடுங்கள். பபூனும் டான்சும் முடிந்ததும் கிளம்பும் கூட்டத்தோடு நீங்களும் கிளம்பிவிடாதீர்கள், நாரதர் வரும்வரையாவது இருங்கள்.

வைகாசியில் பக்கத்து ஊரில் இன்னொரு அரங்கேற்றம் இருக்கிறதாம், தோழியின் அமுச்சி போன் பண்ணிச் சொன்னார். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.