தூண் இல்லாத பாலம்

குடியை நிறுத்தி ஒன்பதாவது நாள் என் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள். ஒரே பக்கத்தில் நான்கு முறை முனை உடைந்தது. கை நடுங்குவது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்று அவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தேன். ஓவிய சிகிச்சை தருபவர் பென்சிலை மெதுவாக வாங்கிக்கொண்டு, விரல் பருமனில் ஓர் ஆயில் பேஸ்டலை, அதாவது எண்ணெய் கலந்த வண்ணக் குச்சியை, நீட்டினார். "இது உடையாது. கோடு நேரா வரணும்னு இங்க யாரும் கேக்கப் போறதில்ல" என்றார்.

அதற்கு முந்தைய வாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டிலேயே குடியை நிறுத்திவிட்டு, படம் வரைந்து சமாளித்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்த நாட்களில் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு வலிப்பு வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும்தான் என்னைக் கரை சேர்த்தன. ஓவியம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுவாழ்வு மையத்தில் குழுவாக உட்கார்ந்து பேசும்போது நான் நன்றாகவே பேசினேன். பதினான்கு வருடம் பொய் சொல்லிப் பழகிய வாய். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும், எங்கே தலை குனிய வேண்டும் என்று அதற்குத் தெரியும். "இனி தொடவே மாட்டேன்" என்று சொன்னபோது நானே நம்பினேன்.

இரண்டாவது வாரம் பாலம் ஒன்றை வரையச் சொன்னார்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் பாலம். அதில் நான் எங்கே நிற்கிறேன், எந்தப் பக்கம் போகிறேன் என்று காட்ட வேண்டும். போதையிலிருந்து மீள்பவர்களிடம் இந்தப் படத்தைக் கேட்பது ஓவிய சிகிச்சையில் வழக்கம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இடது பக்கம் என் அறையை வரைந்தேன். அலமாரி, அதற்குப் பின்னால் ஒளித்த பாட்டில், கதவின் தாழ்ப்பாள் வரை எல்லாம் வந்தது. வலது பக்கம் ஒரு மஞ்சள் வட்டம், அவ்வளவுதான். நடுவில் நான், வலது பக்கம் காட்டும் அம்புக்குறி.

சிகிச்சையாளர் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. இரண்டே கேள்வி கேட்டார். "இந்தப் பாலத்தத் தாங்குறது எது?" பார்த்தேன். தூணே இல்லை, இரண்டு கோடு அந்தரத்தில் தொங்கியது. "நீங்க எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்கீங்க?" அம்பு வலது பக்கம் போனது. என் உருவத்தின் மூக்கும் பாதமும் இடது பக்கம், பாட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. நான் அப்படி வரைந்தது எனக்கே தெரியாது. அன்றைக்குத்தான் முதல் முறையாக, ஒத்திகை இல்லாமல் அழுதேன்.

அடுத்து ஒட்டுப்படம். பழைய பத்திரிகைகளிலிருந்து வெட்டி, தாளின் ஒரு பாதியில் குடி என்னிடமிருந்து எடுத்ததையும் மறு பாதியில் கொடுத்ததையும் ஒட்டச் சொன்னார்கள். கொடுத்தது என்ன என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வெட்டி முடித்துப் பார்த்தால் அந்தப் பாதி முழுக்கத் தூங்கும் மனிதர்கள். ஒரு குழந்தை, கட்டிலில் ஒரு கிழவர், பேருந்து ஜன்னலில் சாய்ந்த ஒரு பெண். நான் தேடிக்கொண்டிருந்தது தூக்கம். அந்தத் தாளை எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டினேன். தூக்கமின்மைக்குத் தனியாகச் சிகிச்சை தொடங்கியது அப்படித்தான். நான் பேசியிருந்தால் அலுவலக நெருக்கடி, மாமனார் சண்டை என்றுதான் சொல்லியிருப்பேன்.

எனக்கு வரையத் தெரியாது. வரையத் தெரியாதவர்கள்தான் இதை முக்கியமாகக் கேட்க வேண்டும். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 39 பேரை 45 நிமிடம் விருப்பம்போல வரையவும் களிமண்ணில் செய்யவும் விட்டார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. முன் பழக்கம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அவர்கள் என்னைப் போன்ற குடிநோயாளிகள் இல்லை, ஆய்வும் சிறியது. ஆனாலும் அசிங்கமாக வரையும் என் கைக்கு அது பெரிய தெம்பு.

நான்காவது மாதம் குடித்தேன், மூன்று நாள். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்காம் நாள் திரும்பிப் போனேன், சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்று கற்றுக்கொடுத்தார்கள். இன்றும் அதைத்தான் செய்கிறேன். குடிக்கும் உந்துதல் அலை மாதிரி ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரம் தாண்டாது. ஆனால் உள்ளே மாட்டியிருக்கும்போது அது முடியவே முடியாது என்று தோன்றும். எனக்கு அது சாயங்காலம் ஏழு மணிக்கு வரும். நீளமான தாளை மேசையில் விரித்து, இடது ஓரத்தில் பேஸ்டலை வைத்து, ஒரே கோடாக மெல்ல இழுப்பேன். உந்துதல் ஏறினால் கோடு ஏறும், தொண்டை இறுகினால் அழுத்தம் கூடும். சில நாள் தாள் கிழியும். எட்டு, பத்து நிமிடம் உச்சியிலேயே பற்களைப் போலக் கோடு குத்திக்கொண்டிருக்கும். பிறகு, நான் ஒன்றும் செய்யாமலே, கை கீழே வரும். அந்தத் தாள்களைச் சுருட்டி வைத்திருக்கிறேன். ரொம்ப மோசமான நாளில் பழையதொன்றை விரித்து, வலது ஓரத்தை மட்டும் பார்ப்பேன். எல்லாத் தாளிலும் கோடு இறங்கித்தான் இருக்கிறது.

எட்டாவது மாதம் மறுபடியும் பாலம். இந்த முறை மஞ்சள் வட்டம் இருந்த இடத்தில் ஒரு மேசையும் ஜன்னலும் வந்தன. தூண்கள் வந்தன, கோணலாக. என்னை மட்டும் முன்பைவிட இடது கரைக்குப் பக்கத்தில் வரைந்திருந்தேன். "பின்னால போயிட்டீங்களே?" என்றார் சிகிச்சையாளர்.

"அன்னைக்கு நான் நடுவுல இல்ல மேடம். இப்பதான் ஏறியிருக்கேன்."

தூண்களுக்குப் பெயர் எழுதச் சொன்னார். ஒன்றில் மருத்துவர், ஒன்றில் வாரக் குழு, ஒன்றில் ஏழு மணித் தாள். நான்காவதில் மனைவியின் பெயரை எழுதப் போய்ப் பாதியில் நிறுத்தினேன். அவளைக் கேட்காமலே எத்தனை வருடம் அவள்மேல் பாரம் ஏற்றியிருக்கிறேன். அந்தத் தூணைக் காலியாக விட்டு, படத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இன்று ராத்திரி அவளிடம் கேட்க வேண்டும்.