இன்டைரக்ட் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க

எக்ஸெல்ல கணக்கு ஃபைல் நெறய பேர் இப்படித்தான் வெச்சிருக்காங்க. ஏப்ரல்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் மாசத்துக்கு ஒரு ஷீட், ஒவ்வொண்ணுலயும் அந்த மாசச் செலவு வரிசையா, அடியில எஃப்40ல மொத்தம். எல்லாத்துக்கும் முன்னாடி சம்மரினு ஒரு ஷீட், அதுல ஏ காலம்ல மாசம் பேரு, பக்கத்துல அந்த மாச மொத்தம் தானா வந்து நிக்கணும். ஏப்ரல் ஷீட்டோட எஃப்40ஐ ஒரு தடவை எடுத்துட்டு கீழ இழுத்துவிட்டா ஷீட் பேரு மாறாது, எஃப்40 எஃப்41 ஆகும் அவ்ளோதான். எஃப்4 கீயைத் தட்டி டாலர் போட்டா அந்த 40 நகராம நிக்கும், ஆனா ஷீட் பேரு அப்பவும் ஏப்ரலாவே தான் இருக்கும். என்ன பண்றதுனு தேடினா எல்லாரும் கை காட்டுறது ஒரே ஒரு பங்ஷனை, இன்டைரக்ட்.

அது பண்ற வேலை ரொம்ப சிம்பிள். செல்லோட அட்ரஸை நீங்க எழுத்தா சேர்த்துக் கொடுத்தா அதைப் படிச்சு அந்தச் செல்லுக்குப் போய் மதிப்பைக் கொண்டு வரும். ஏ2ல ஏப்ரல்னு இருந்தா

=இன்டைரக்ட்("'"&ஏ2&"'!எஃப்40")

இப்படி எழுதி கீழ இழுத்தா ஏ3ல மே, ஏ4ல ஜூன்னு அதுவே ஷீட் மாறி மாறி எடுக்கும் (எக்ஸெல்ல அடிக்கும்போது பங்ஷன் பேரு, காலம் எழுத்து எல்லாம் இங்கிலீஷ்ல தான் அடிக்கணும்). அந்தச் சிங்கிள் கோட்டை விட்டுடாதீங்க, ஷீட் பேருல நடுவுல ஒரு ஸ்பேஸ் இருந்தா, "ஏப்ரல் 2024" மாதிரி, கோட் இல்லாம #ரெஃப்!ங்கிற எரர் தான் வரும்.

இது வரைக்கும் நல்லாதான் இருக்கு. பிரச்சனை எங்கனா, டபுள் கோட்டுக்குள்ள இருக்கிற எஃப்40 எக்ஸெல்லுக்கு ஒரு செல்லே இல்ல, வெறும் எழுத்து. சாதாரண ஃபார்முலால ஏப்ரல்!எஃப்40னு இருந்தா, அந்த ஷீட்ல யாராவது நடுவுல ஒரு வரிசை நுழைச்சா எக்ஸெல் அதைக் கவனிச்சு எஃப்41னு மாத்திக்கும், ஷீட் பேரை மாத்தினாலும் ஃபார்முலாலயும் மாத்திடும். இன்டைரக்ட்ல ரெண்டும் நடக்காது. ஷீட் பேரு மாறினாலாவது பரவால்ல, #ரெஃப்! வந்து கண்ணுல பட்டுடும். வரிசை நுழைச்சாதான் ஆபத்து, மொத்தம் எஃப்41க்கு இறங்கிடும், எஃப்40ல இப்போ அந்த மாசத்தோட கடைசிச் செலவு உக்காந்திருக்கும், சம்மரில மே மாச மொத்தச் செலவு 86,400 வர வேண்டிய இடத்துல 350னு டீச்செலவு வந்து நிக்கும், எந்த எரரும் வராது. 350ங்கிறதால கண்டுபிடிச்சுடலாம், அதே இடத்துல 70,000 வாடகை இருந்துச்சுனா யாருக்கும் சந்தேகமே வராது.

இதுக்கு வழி இருக்கு. மொத்தத்தை அடியில வைக்காம ஷீட்டோட மேல, எஃப்1ல வைங்க, யாரும் பொதுவா முதல் வரிசைக்கு மேல எதுவும் நுழைக்க மாட்டாங்க. இன்னும் நல்ல வழி, மொத்தம் இருக்கிற செல்லுக்கு நேம் மேனேஜர்ல ஒரு பேரு வெச்சு, ஸ்கோப்ல (அந்தப் பேரு எங்க செல்லும்ங்கிற இடத்துல) ஒர்க்புக்குக்கு, அதாவது முழு ஃபைலுக்குப் பதிலா அந்த ஷீட்டையே செலக்ட் பண்றது. அப்புறம் எஃப்40க்குப் பதிலா அந்தப் பேரை இன்டைரக்ட்ல கொடுக்கலாம், வரிசை எத்தனை நுழைச்சாலும் பேரு செல்லோடயே நகரும். ஷீட்டை காப்பி பண்ணி அடுத்த மாசம் போட்டா பேரும் கூடவே காப்பி ஆகும்.

பன்னெண்டு மாசத்தையும் கூட்டின ஒரே தொகை மட்டும் போதும்னா இன்டைரக்டே வேணாம். =சம்(ஏப்ரல்:மார்ச்!எஃப்40)னு போட்டா அந்த ரெண்டு டேபுக்கும் நடுவுல இருக்கிற எல்லா ஷீட்டோட எஃப்40யையும் கூட்டிக் கொடுக்கும், டேபோட வரிசையை மட்டும் யாரும் கலைக்கக் கூடாது. கூகுள் ஷீட்ஸ்ல இது கிடையாது, எக்ஸெல்லயும் லிப்ரே ஆபீஸ்லயும் இருக்கு.

அடுத்தது வேகம். எக்ஸெல் சாதாரணமா ஒரு செல் மாறினா அதை நம்பி இருக்கிற ஃபார்முலாவை மட்டும் திரும்பக் கணக்குப் போடும். இன்டைரக்ட் எதை நம்பி இருக்குனு அதுக்கு முன்கூட்டியே தெரியாது, அதனால எங்க எது மாறினாலும் எல்லா இன்டைரக்டையும் ஒரு தடவை போட்டுப் பாக்கும். ஆஃப்செட்ங்கிற பங்ஷனும் இதே கேஸ் தான். பன்னெண்டு செல்லுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா பத்தாயிரம் வரிசைக்கு இழுத்துவிட்ட ஃபைல்ல ஒரு நம்பர் அடிச்சு என்டர் தட்டினா கர்சர் சுத்திக்கிட்டே இருக்கும், சிஸ்டம் பழசு ரேம் பத்தலனு திட்டுறவங்க முதல்ல இதைப் பாக்கணும். இன்னொண்ணு, வேற ஃபைலை இன்டைரக்ட்ல கொடுத்தா அந்த ஃபைலும் திறந்திருக்கணும், மூடிட்டா #ரெஃப்!.

ஒரே ஷீட்டுக்குள்ள எந்தச் செல்ங்கிறது மாறிக்கிட்டே இருக்கணும்னா இன்டெக்ஸ்ங்கிற பங்ஷன் தான், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. ஏ2ல இருந்து ஏ13 வரை மாசம், பி2ல இருந்து பி13 வரை தொகை, எச்1ல நீங்க ஒரு மாசம் பேரு அடிக்கிறீங்க, ஏப்ரல்ல இருந்து அந்த மாசம் வரைக்கும் கூட்டணும்.

=சம்(பி2:இன்டெக்ஸ்(பி2:பி13,மேட்ச்(எச்1,ஏ2:ஏ13,0)))

அந்த கோலனுக்கு அப்புறம் ஒரு பங்ஷன் நிக்குது பாருங்க, அங்கதான் விஷயமே. இன்டெக்ஸ் வெறும் மதிப்பை மட்டும் கொடுக்கிறது இல்ல, செல்லையே கொடுக்கும், அதனால பி2:பி7னு எழுதுற மாதிரியே அதை ரேஞ்சோட முனையா வைக்கலாம். எச்1ல செப்டம்பர்னு அடிச்சா மேட்ச் அது லிஸ்ட்ல எத்தனாவதுனு தேடி 6 கொடுக்கும், இன்டெக்ஸ் பி7ஐக் கொடுக்கும், அரையாண்டு செலவு வந்துடும். நடுவுல வரிசை நுழைச்சாலும் எல்லா அட்ரஸும் நிஜ அட்ரஸ்ங்கிறதால சேர்ந்தே நகரும். கடைசியில இருக்கிற பூஜ்யத்தை மறந்துடாதீங்க, அது இல்லனா மேட்ச் லிஸ்ட் ஏறுவரிசைல அடுக்கியிருக்குனு நெனச்சுக்கிட்டுத் தேடும், மாசம் பேரெல்லாம் அப்படி இருக்காது, தப்பான வரிசையைச் சத்தமில்லாம கொடுத்துடும். தேடி எடுத்துக் கொடுக்கிற எக்ஸ்லுக்அப் பங்ஷன் இருக்கிற வெர்ஷன்ல இன்டெக்ஸ் மேட்ச் ரெண்டுக்கும் பதிலா அதையே கோலனுக்கு அப்புறம் போடலாம், அதுவும் செல்லைத்தான் கொடுக்கும்.

உண்மையைச் சொல்லணும்னா இந்த மொத்தக் கஷ்டமும் மாசத்துக்கு ஒரு ஷீட்னு பிரிச்சதால வந்தது. எக்ஸெல்ல ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசை இருக்கு. ஒரு நாளைக்கு 200 பில் போடுற கடையா இருந்தாலும் வருஷத்துக்கு 73,000 வரிசை தான் ஆகும். எல்லாத்தையும் ஒரே ஷீட்ல போட்டு, தேதி ஒரு காலம், மாசம் ஒரு காலம், செலவு வகை ஒரு காலம்னு வெச்சு, கண்ட்ரோல் டி (T) அடிச்சு டேபிள் ஆக்கிட்டா, புது வரிசை சேர்க்கச் சேர்க்க ரேஞ்ச் தானா வளரும், சம்மரில அந்தந்த மாசத்தை மட்டும் கூட்டுற சம்இஃப்ஸ் போட்டா முடிஞ்சுது. ஆனா முதலாளிக்கு மாசத்துக்கு ஒரு ஷீட் பிரிண்ட் எடுத்துப் பாத்தே பழக்கம், பத்து வருஷ ஃபைல் அப்படியே இருக்கு, நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாதுங்கிற இடம் நெறய உண்டு. அங்க இன்டைரக்ட் போடுங்க, ஷீட் பேருக்கு மட்டும், மேல சொன்ன மாதிரி செல்லுக்குப் பேரு வெச்சுப் போடுங்க. இன்னும் ஆரம்பிக்காத மாசத்துக்கு #ரெஃப்! வருதேனு, எரருக்குப் பதிலா வேற எதையாவது காட்டுற இஃப்எரர் போட்டுப் பூஜ்யம் காட்டாதீங்க, செலவே இல்லாத மாசமும் ஷீட்டே இல்லாத மாசமும் ஒண்ணா தெரியும். "ஷீட் இல்லை"னு எழுத்தா காட்டினா சம் அதை விட்டுட்டு மத்ததைக் கூட்டிக்கும்.

யாரோ போட்ட ஃபைல் உங்க கைக்கு வந்திருக்குனா, ஃபார்முலா எந்தச் செல்லை நம்பி இருக்குனு அம்புக்குறி போட்டுக் காட்டுற ட்ரேஸ் பிரிசிடென்ட்ஸை நம்பாதீங்க, அம்புக்குறி மாசம் பேரு இருக்கிற செல் வரைக்கும் தான் போகும், நிஜமா மதிப்பு எடுக்கிற செல்லைக் காட்டாது. ஃபார்முலா பார்ல அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற பகுதியை மட்டும் செலக்ட் பண்ணி எஃப்9 தட்டினா எந்த அட்ரஸ் உருவாகுதுனு எழுத்தா தெரியும், பாத்துட்டு எஸ்கேப் அடிங்க, என்டர் அடிச்சா அந்த எழுத்து அப்படியே ஃபார்முலால உறைஞ்சுடும். மொத்தம் எத்தனை இடத்துல இருக்குனு பாக்க கண்ட்ரோல் எஃப் அடிச்சு ஆப்ஷன்ஸ்ல ஒர்க்புக்னு மாத்தி, ஃபார்முலாஸ்ல தேடச் சொல்லி இன்டைரக்ட்னு அடிச்சு ஃபைண்ட் ஆல் கொடுங்க, லிஸ்ட் வந்துடும். மாவட்டம் செலக்ட் பண்ணா தாலுகா மாறுற மாதிரி டிராப்டவுன் வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள இருக்கிற இன்டைரக்ட் இந்தத் தேடல்ல சிக்காது, டேட்டா வேலிடேஷனைத் திறந்து தனியா பாக்கணும்.