டெஸ்ட் லீடுக்கு எந்தக் கேபிள், எந்த பிஎன்சி?

ஒரு முனையில் பிஎன்சி (ஸ்கோப்பில் செருகித் திருகிப் பூட்டுகிற வட்டக் கனெக்டர்), மறுமுனையில் குரோக்கடைல் கிளிப் வைத்து ஆசிலோஸ்கோப்புக்கு லீடு செய்ய உட்கார்ந்தால் முதல் கேள்வி கேபிள்தான். சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பொதுவாகக் கோஆக்ஸ் (நடுக்கம்பியைச் சுற்றி இன்சுலேஷன், அதற்கு மேல் கம்பிப் பின்னல் உள்ள கேபிள்) என்று கேட்டால் டிவிக்கும் சிசிடிவிக்கும் போகிற ஆர்ஜி-6, ஆர்ஜி-59தான் எளிதில் கிடைக்கும். இரண்டும் 75 ஓம் (இது கேபிளின் இம்பிடன்ஸ், மல்டிமீட்டரில் அளக்கிற கம்பியின் மின்தடை அல்ல). டிவி கேபிளில் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், சாதாரண சால்டர் அதில் ஒட்டாது, மேசையில் வளைத்துப் போடவும் வராது.

சிக்னல் ஜெனரேட்டரின் அவுட்புட் 50 ஓம் என்பதால் நான் 50 ஓம் கேபிளுக்கே போனேன். ஆர்ஜி-58 சுமார் 5 மி.மீ. தடிமன், உறுதியானது, பிஎன்சி-பிஎன்சி லீடுக்கு அருமை. ஆர்ஜி-174 அதில் பாதிதான், நன்றாக வளையும், ஆனால் உள்ளே இன்சுலேஷன் பாலிஎத்திலீன். சால்டரிங் அயர்னைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் உருகி, நடுக்கம்பி பின்னலைத் தொட்டுவிடும். கிளிப் முனையில் சால்டர் வைத்தே ஆக வேண்டும் என்பதால் அங்கே ஆர்ஜி-316 எடுத்தேன், விலை கூடுதல்தான், ஆனால் அதன் டெஃப்லான் இன்சுலேஷன் சூட்டுக்கு அசைவதில்லை.

நீளத்தில் தாராளம் காட்டாதீர்கள். 50 ஓம் கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட். ஒரு மீட்டர் கேபிளோடு ஸ்கோப்பின் 20 பிகோஃபாரடும் சேர்ந்தால், 10 கிலோஓம் சோர்ஸில் 130 கிலோஹெர்ட்ஸ் வாக்கிலேயே சிக்னல் 3 டெசிபல் (சுமார் 70 சதவீதத்துக்கு) இறங்கிவிடும். அதனால் கிளிப் லீடை அரை மீட்டரோடு நிறுத்தினேன். இதே கணக்கு கடையிலும் உதவும்: எழுத்து அழிந்த துண்டு கிடைத்தால், மறுமுனையைத் திறந்தே விட்டு மல்டிமீட்டரில் கெபாசிட்டன்ஸ் பாருங்கள், ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 பிகோஃபாரடுக்குப் பக்கம் என்றால் 50 ஓம், 67க்குப் பக்கம் என்றால் அநேகமாக 75.

கனெக்டர் வாங்கும்போது கேபிள் எண்ணைச் சொல்லியே கேளுங்கள். ஆர்ஜி-59க்கான கிரிம்ப் (நசுக்கிப் பிடிக்கிற) வளையம் ஆர்ஜி-58இல் லொடலொட என்று ஆடும். நசுக்கும் கருவியின் அச்சான கிரிம்ப் டையும் மாறும்: ஆர்ஜி-58க்கு 5.4 மி.மீ., ஆர்ஜி-174க்கும் 316க்கும் 3.25 மி.மீ. ஸ்க்ரூ வைத்து இறுக்குகிற சிசிடிவி பிஎன்சி வேண்டவே வேண்டாம், நாளடைவில் தளர்ந்துவிடும்.

கிளிப் பக்கம் பிரிகிற இரண்டு ஒயர்களையும் முடிந்தவரை குட்டையாக வையுங்கள், நீண்டால் ஸ்கொயர் வேவின் ஓரத்தில் ரிங்கிங் (குட்டி அலைகள்) தெரியும். பிரிகிற இடத்தில் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். அப்புறம் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்துக் கேபிளை ஆட்டிப் பாருங்கள், பீப் விட்டு விட்டு வந்தால் அந்த முனையை வெட்டிவிட்டுத் திரும்பச் செய்வதே நல்லது. பின்னலோடு சேர்கிற கறுப்பு கிளிப் ஸ்கோப் வழியாக நேரே எர்த்துக்குப் போகிறது, மெயின்ஸோடு தொடர்புள்ள சர்க்யூட்டில் அதை மாட்டவே கூடாது.